புகார் இல்லை

அம்மா,

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போயிருந்தேன். தரிசனம் முடித்துப் பிரகாரம் சுற்றி வரும்போது கோயில் ஆட்கள் உண்டியலுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டைத் துணியால் சுற்றி, மெழுகுவத்திச் சுடரில் அரக்கைக் காட்டி உருக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, அதன்மேல் பித்தளை முத்திரையை ஒருவர் அழுத்தினார். அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் மேலே நடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னா தாத்தா, மயக்கமா கீதா? தண்ணி வோணுமா?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

உங்கள் கடிதத்துக்கு அரக்கு வைத்தவன் நான்தான். உருகிய சொட்டு ஒன்று என் பெருவிரலில் விழுந்தபோது நீங்கள் பதறிப்போய் உங்கள் தண்ணீர் டம்ளரை நீட்டினீர்கள். உங்கள் வேலையையே அடைத்து அனுப்பிய உறை அது. அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு என் விரலைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள்.

நீங்கள் காலமான செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. பழைய வக்கீல் ஒருவர் போனில் வேறு ஏதோ பேசிவிட்டு, "அந்த அம்மா போயிட்டாங்க தெரியுமா?" என்றார். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த அம்மா ஒருவர்தான். உங்களிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. இனிமேல் அதைச் சொல்ல இந்தக் காகிதம்தான் இருக்கிறது.

1991-ன் தொடக்கத்தில் எங்கள் கோர்ட்டுக்குக் குற்றவியல் நடுவராக வந்தீர்கள். உங்களுக்கு இருபத்தெட்டு வயது. பெஞ்ச் கிளார்க்கான எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. மேடைக்குக் கீழே, உங்கள் நாற்காலிக்கு நேர் முன்னால் என் மேஜை. வழக்கை அழைப்பது, காகிதத்தை எடுத்துக் கொடுப்பது, நீங்கள் சொல்வதை எழுதுவது என் வேலை. பெண் நடுவர் என்றதும் வக்கீல்கள் முதல் வாரம் சிரித்துப் பேசினார்கள். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம், நீங்கள் கேட்ட கேள்வி. போலீஸ் பிடித்துக்கொண்டு வரும் ஆளை ரிமாண்ட் செய்து சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால், உன்னை யாராவது அடித்தார்களா, புகார் ஏதாவது உண்டா என்று நடுவர் கேட்க வேண்டும். அது சட்டம். உங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் கேட்டார்கள், தலையை நிமிர்த்தாமல். நீங்களோ ஒவ்வொரு ஆளையும் மேடைக்குப் பக்கத்தில் வரச் சொன்னீர்கள். போலீஸ்காரர்களைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று ஆரம்பிப்பீர்கள். அவன் முகத்தை நிமிர்த்தும் வரைக்கும் காத்திருப்பீர்கள். பிறகுதான் அந்தக் கேள்வி. ஒரு ரிமாண்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். வெளியே ஏட்டு என்னைப் பார்த்து முணுமுணுப்பார். "இன்னா சார் இது, பொண்ணு பாக்கற மாதிரி கேட்டுக்கினு கீறாங்க."

உங்களுக்கு முந்தைய நடுவர்கள் காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. நேரத்தை மிச்சப்படுத்த, காலையிலேயே எல்லா ரிமாண்ட் காகிதத்திலும் 'விசாரித்ததில் போலீசார் மீது புகார் இல்லை என்றார்' என்று எழுதி வைத்துவிடுவேன். நீங்கள் அதைப் பிடித்துவிட்டீர்கள். "ஏகாம்பரம் சார், அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீங்க பதில் எழுதிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். இனி எழுத மாட்டேன் என்றேன். இரண்டு நாள் எழுதவில்லை. பிறகு எழுதினேன். புகார் சொல்பவன் வந்தால் நீங்களே அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டீர்கள். என்னை மறுபடி கேட்கவில்லை. சலித்துப்போயிருப்பீர்கள்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் உங்கள் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். நெருக்கடி நிலைக் காலத்தில், ஆளைப் பிடித்து வைத்தால் கோர்ட்டுக்கே கேட்க உரிமையில்லை என்று பெரிய நீதிபதிகளே எழுதியதையும், அவர்களில் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதியதையும் சொன்னீர்கள். சட்டக் கல்லூரியில் அதைப் படித்த அன்றைக்குத்தான் நீதிபதியாக வேண்டும் என்று தீர்மானித்தீர்களாம். "ஆனா இங்க வந்தப்புறம் எனக்கு வேற தோணுது சார். அந்தப் பெரிய தீர்ப்பு எப்பவோ ஒண்ணு. தினமும் ஒருத்தனை உள்ள அனுப்பற கையெழுத்து நம்மகிட்டதான் இருக்கு. இந்த நாட்டோட சரித்திரத்துல பாதி இந்த மேஜையிலதான் நடக்குது, யாரும் எழுதி வைக்கறதில்ல" என்றீர்கள். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன்.

அந்த மே மாதம் நம் பக்கத்துத் தேர்தல் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது நாட்டுக்கே தெரியும். அதற்குப் பிறகு சில மாதங்கள் இங்கே வெளியூர் ஆள் என்றாலே சந்தேகம்தான். பேச்சு கொஞ்சம் மாறினால் போதும், டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரகடம் பக்கம் அப்போது சவுக்கும் நெல்லும்தான். மண்ணூர்ப் பக்கம் ஒன்றிரண்டு ஷெட்டுகள் வந்திருந்தன. அதில் ஒன்றில் வெல்டருக்குக் கையாளாக இருந்தவன் சுடலைமுத்து. இருபத்து நாலு வயது. நாங்குநேரிக்குப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். ஷெட்டில் செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது. வெளியூர்க்காரன் அவன் ஒருவன்தான். பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கொண்டுவந்தார்கள். அன்று காலை மேலிடத்திலிருந்து உங்களுக்குப் போன் வந்தது. கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. "சரி சார்... இனிமே சீக்கிரம் முடிச்சுடறேன் சார்..." என்று மூன்று நான்கு தடவை சொன்னீர்கள். மேடைக்கு வந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. ரிமாண்ட் வரிசை வராண்டாவைத் தாண்டி நின்றது. முதல் ஐந்தாறு பேரைக் கேட்டீர்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தீர்கள். சிறைக்குப் போகும் வண்டி வெளியே ஹாரன் அடித்தது.

சுடலைமுத்துவை இரண்டு போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். நீங்கள் பக்கத்தில் கூப்பிடவில்லை. அவன் உங்களைப் பார்த்தான். உதடு பிரிந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் காகிதத்தை முன்னால் நகர்த்தினேன். என் எழுத்தில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அவனைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

நான் உங்களிடம் சொல்லாதது இதுதான், அம்மா. உயரமான மேடையில் மரத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்கு அவன் இடுப்புக்கு மேலேதான் தெரிந்திருக்கும். கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அவன் பாதம் தெரிந்தது. செருப்பில்லை. இரண்டு பாதமும் வீங்கிப் பளபளத்தன. பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் தரையில் வைத்து, சூடான மணலில் நிற்பவனைப் போல நின்றான். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் காகிதத்தை நகர்த்தினேன்.

திங்கட்கிழமை காலை கிளைச் சிறையிலிருந்து தகவல் வந்தது. சுடலைமுத்து ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டான். அந்தத் துண்டுக் காகிதத்தை இரண்டு தடவை படித்தீர்கள்.

"நான் அவன்கிட்ட கேட்டேனா?"

"கேட்டீங்கம்மா."

"ஏகாம்பரம் சார். என்னைப் பாத்துச் சொல்லுங்க. கேட்டேனா?"

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அன்றைக்கு நீங்கள் அழுதது, நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, வக்கீல்கள் வந்தால் அம்மாவுக்குத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தது, எல்லாம் நேற்று நடந்ததுபோல இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அவனுடைய தாய் வந்தாள். கூட, தாவணி போட்ட ஒரு பெண், தங்கை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த முகம். நீங்கள் பெஞ்சில் இருந்தீர்கள். வராண்டாவில் அவர்களைத் தடுத்தவன் நான்.

"எய்யா, ஜட்ஜம்மாவப் பாக்கணும். எம்மவன் கடைசியா அவுக முன்னாலதான நின்னான். என்ன சொன்னான்னு கேக்கணும்" என்றாள் தாய்.

உங்களைப் பார்க்கவிட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "இப்ப பாக்க முடியாதும்மா" என்றேன். "அம்மா கேட்டாங்க. புகார் ஒண்ணும் இல்லன்னு உங்க பையன் சொல்ட்டான்."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவர்கள் வந்ததை உங்களிடம் சாயங்காலம்தான் சொன்னேன். நீங்கள் பஸ் நிலையம் வரைக்கும் ஓடினீர்கள். பஸ் போயிருந்தது.

அந்த வாரத்தில்தான் மேலிடத்துக்கு அந்தக் கடிதத்தை எழுதினீர்கள். டைப்பிஸ்டிடம் கொடுக்காமல் கையாலேயே. கைதியைத் தான் விசாரிக்கவில்லை, 'புகார் இல்லை' என்ற வாசகம் உண்மையல்ல, அதற்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று. அதை எழுதி வைத்தது நான் என்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் கெஞ்சினேன். "வேலை இன்னும் நிரந்தரம் ஆவல உங்களுக்கு. வூட்ல அப்பா படுத்துக்கினு கீறாரு. வேணாம்மா." கோர்ட்டில் நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. நீங்கள் கோபப்படவில்லை. "தப்பு செஞ்சவன் என் முன்னாடி வந்து நின்னா, ஒத்துக்கோன்னுதானே சார் எதிர்பாக்கறேன்?" என்றீர்கள். பிறகு அரக்குக் குச்சியை என் கையில் கொடுத்தீர்கள்.

சிறையில் நடந்த சாவை விசாரிக்கக் கோட்டாட்சியர் வந்தார். முதலில் உங்களைக் கேட்டார். கடிதத்தில் இருந்ததையே சொன்னீர்கள். பிறகு என்னை. எழுதிய வரியைக் காட்டி, "இது உங்க எழுத்தா?" என்றார்.

"ஆமா சார்."

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார். புகார் இல்லன்னு சொன்னான். அதைத்தான் எழுதினேன்."

உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்று அன்றைக்கு நம்பினேன். பல வருடங்கள் அப்படியே நம்பினேன். முன்கூட்டியே எழுதினேன் என்று ஒத்துக்கொண்டால் என் வேலை போகும், எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பதும் மனதுக்குள் இருந்தது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரிக்க இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

என் ஒரு வாக்குமூலத்தால் எல்லாம் முடிந்தது. கைதியே புகார் இல்லை என்று சொல்லியிருக்கிறான், அனுபவசாலியான கோர்ட் ஊழியர் அதை எழுதியிருக்கிறார், ஆகவே மரணம் உடல்நலக் குறைவால் என்று அறிக்கை எழுதப்பட்டது. அவனை அடித்தவர்கள்மீது ஒரு கேள்வியும் வரவில்லை. நீங்கள் சொன்ன உண்மைக்கு, இளம் அதிகாரியின் மனச்சோர்வு என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதம் மாற்றல். ஒரு வருடம் கழித்து, தகுதிகாண் காலம் முடிந்தபோது உங்களை வேலையில் நிரந்தரம் செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மாற்றலாகிப் போன அன்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டீர்கள். கோர்ட் ஏவலாளான டபேதாரின் மகள் படிப்பை விசாரித்தீர்கள். என் மேஜைக்குக் கடைசியாக வந்தீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகு, ஏகாம்பரம் சார். அதான் எல்லாரும் நம்பிட்டாங்க" என்றீர்கள்.

அன்றைக்குப் பிறகு பணி ஓய்வு பெறும் வரைக்கும், எவனும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் எதையும் எழுதியதில்லை.

உங்களை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பென்ஷன் விஷயமாகச் செங்கல்பட்டு போனபோது, கோர்ட் வளாகத்தில் வக்கீல் அங்கியோடு வந்தீர்கள். தலை பாதி நரைத்திருந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகளுக்கு ஜாமீன் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு கட்டுக் காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனீர்கள். நான் அழ ஆரம்பித்தேன். அன்று உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். அவன் தாயை வராண்டாவில் திருப்பி அனுப்பியபோது என்ன சொல்லி அனுப்பினேன் என்பதையும் முதல் தடவையாகச் சொன்னேன். நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தீர்கள்.

"எனக்காகன்னு சொல்லாதீங்க சார், அது எனக்குப் பாரமா இருக்கு. என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவன் அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க."

"போறேம்மா."

போகவில்லை. மகளுக்குக் கல்யாணம், வீட்டு வேலை, முழங்கால் வலி என்று வருடங்கள் ஓடின. ஒரகடத்தில் சவுக்குத் தோப்பு போய்க் கார் கம்பெனி வந்தது. என் மகன் அங்கே லைனில் நிற்கிறான். தினமும் கம்பெனி பஸ்ஸில் நாலு ஊர்ப் பேச்சு, ஆறு மொழி கேட்கிறது என்கிறான். நெல்லைப் பக்கத்துப் பையன் ஒருவன் அவனோடு வேலை செய்கிறான். ஒருநாள் சாப்பிட வீட்டுக்கு வந்தான். அவன் வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தபோது அவன் பாதத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாப்பா அப்படிப் பாக்கற, பாவம் கூச்சப்படறான்" என்று மகன் என்னை அதட்டினான்.

கோயிலில் உட்கார்ந்துவிட்டேன் என்றேனே, அங்கிருந்து வீட்டுக்கு வந்ததும் மகனிடம் நாங்குநேரிக்கு டிக்கெட் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். முதல் தடவையாக அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தான். ரிமாண்ட் காகிதத்தில் இருந்த ஊர்ப் பெயர் எனக்கு மறக்கவில்லை. நானே எழுதியதுதானே.

சுடலைமுத்துவின் தாய் இறந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. தங்கைதான் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். முற்றத்தில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். எழுதி வைத்ததை, வீங்கிய பாதத்தை, வராண்டாவில் சொன்ன பொய்யை, கோட்டாட்சியரிடம் சொன்ன பொய்யை. நீங்கள் எழுதிய கடிதத்தை, அதற்காக இழந்த வேலையை, அன்று பஸ் நிலையத்துக்கு ஓடியதை. அவள் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ எங்கண்ணங்கிட்ட யாரும் கேக்கவே இல்லியா?"

"யாரும் கேக்கலம்மா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அடங்கியதும் சொன்னாள்.

"எங்கம்மைக்குச் சாகுத வரைக்கும் அவன் மேல கோவம்யா. ஜட்ஜம்மா கேட்டாகளாம், இந்தப் பய வாயத் திறக்காம நின்னுட்டானாம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொழச்சிருப்பானேன்னு வஞ்சுக்கிட்டே கெடப்பா. அவன் போட்டோவக்கூட வீட்ல மாட்ட விடல. கேட்டிருந்தா அவன் சொல்லியிருப்பாம்யா. கேட்டா எதையும் மறைக்கத் தெரியாது அவனுக்கு."

என் மகன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவள் எங்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் போட்டோவை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, சுவரில் ஆணி இருக்கிற இடத்தைத் தேடினாள். அவளுக்கு எட்டவில்லை. என் மகன் வாங்கி மாட்டினான்.

அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான், அம்மா. கோர்ட்டில் அவன் பாதத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோவில் சிரிக்கிறான். முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

எனக்குப் பாரமாக இருந்தது உங்கள் வேலையும் அவன் உயிரும் மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது ஒரு தாயின் கோபமும் சேர்ந்துவிட்டது. மகன் மேல் வைத்திருக்கக்கூடாத கோபம். அதை அவளுக்குக் கொடுத்தவன் நான். நான் திரும்ப வாங்கிக்கொள்ள அவளும் இல்லை, போய் அழுவதற்கு நீங்களும் இல்லை.

இப்படிக்கு,
ஏகாம்பரம்